வானிலை ரேடாரில் ஆலங்கட்டிப் புயலைக் கண்காணித்தலும் மழையளவை மதிப்பிடுதலும்: படிப்படியான வழிகாட்டி

இடிமழை முகில் ஒன்று ரேடாரில் தெரிந்தவுடன் அதைக் கண்காணிப்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். அதில் ஆலங்கட்டி இருக்கிறதா என்பது ஒன்று. அதிலிருந்து தரையில் எவ்வளவு மழை விழுகிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அடிப்படை, திரும்பி வரும் எதிரொலியின் வலு என்ற ஒரே அளவீடு என்பதால், புதியவர்கள் மிகத் தாழ்ந்த கோணத்தில் எடுத்த ஒரே படத்தைப் பார்த்து இரண்டையும் சேர்த்தே முடிவுசெய்துவிடுகிறார்கள். நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்கின.

ஆலங்கட்டிக்கான சான்று முகிலின் உயரத்தில், உறைநிலைக்கு (வெப்பநிலை 0 °செ. ஆகும் உயரத்துக்கு) மேலே இருக்கிறது. மழையளவுக்கான சான்று தரையை ஒட்டிய வருடலில், அதாவது ரேடார் தாழ்ந்த கோணத்தில் சுற்றி எடுக்கும் பதிவில், இருக்கிறது. ஆலங்கட்டி எங்கே இருக்கிறது என்று முதலில் வரையறுத்துக்கொள்ளாமல் மழையைக் கணக்கிட்டால், பனிக்கட்டி தந்த எதிரொலியையும் நீராக எண்ணிக் கூட்டிவிடுவோம். கீழே உள்ள படிகளின் வரிசை இந்தக் காரணத்தால் அமைந்தது. அதை மாற்றாமல் செல்வது நல்லது.

1. தொடங்குவதற்கு முன் சேர்த்து வைக்க வேண்டியவை

வண்ணப் படம் மட்டும் இந்த வேலைக்குப் போதாது. ரேடார் தாழ்ந்த கோணத்திலிருந்து உயர்ந்த கோணம் வரை சுற்றிச் சுற்றி எடுத்த முழு வருடலின் எண் தரவு வேண்டும். அதைப் படிக்க பை-ஆர்ட், டபிள்யூராட்லிப் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன.

அடுத்து, அன்றைய வளிமண்டலத்தில் 0 °செ. உயரமும் −20 °செ. உயரமும் தெரிய வேண்டும். அருகிலுள்ள பலூன் அளவீட்டிலிருந்தோ வானிலை மாதிரியின் குறுகிய கால முன்கணிப்பிலிருந்தோ இவற்றை எடுக்கலாம். காலையில் எடுத்த பலூன் அளவீட்டை மாலைப் புயலுக்கு அப்படியே பயன்படுத்தும்போது, இடையில் காற்றுத்திரள் மாறியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழைமானிப் பதிவுகள், ரேடாரைச் சுற்றியுள்ள மலைகளும் கட்டடங்களும் அது அனுப்பும் அலைக்கற்றையை எங்கே மறைக்கின்றன என்பதைக் காட்டும் வரைபடம், ரேடாரின் அலைநீளம், ஒரு முழு வருடலுக்கு ஆகும் நேரம் ஆகியவையும் தேவை. எல்லாத் தரவுகளையும் ஒரே நேரக் கணக்கில், முடிந்தால் உலகப் பொது நேரத்தில், வைத்துக்கொள்ளுங்கள். மழைமானி உள்ளூர் நேரத்திலும் ரேடார் பொது நேரத்திலும் இருப்பதைக் கவனிக்காமல் நாள் முழுவதும் பிழை தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

2. ரேடாரின் அலைநீளத்தை அறிந்துகொள்ளுதல்

வானிலை ரேடார்கள் பெரும்பாலும் மூன்று வகை: ஏறத்தாழ 10 செ.மீ. அலைநீளமுள்ள எஸ்-பேண்ட், 5 செ.மீ. உள்ள சி-பேண்ட், 3 செ.மீ. உள்ள எக்ஸ்-பேண்ட். அலைநீளம் குறையக் குறைய, கனமழையையும் ஆலங்கட்டியையும் கடந்து செல்லும் அலை கூடுதலாக வலுவிழக்கிறது. எஸ்-பேண்டில் இந்த இழப்பு சிறியது; எக்ஸ்-பேண்டில் ஒரு வலுவான புயலுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு புயல் முற்றிலும் மறைந்தே போகலாம்.

ஆகவே சி-பேண்ட் அல்லது எக்ஸ்-பேண்ட் படத்தில் புயலின் மறுபுறம் வெறுமையாகத் தெரிந்தால், அங்கே மழை இல்லை என்று எழுதிவிடக் கூடாது. வேறு திசையிலிருந்து பார்க்கும் இன்னொரு ரேடார் இருந்தால் அதைத் திறந்து பாருங்கள். புயல் ரேடாருக்கு நேர் மேலே வந்து அதன் ஆண்டெனாவை மூடிய கூண்டு நனையும்போதும் எல்லாத் திசைகளிலும் எதிரொலி தணிந்துவிடும்.

3. எதிரொலியின் எண்ணைச் சரியாகப் படித்தல்

ரேடார் தரும் எதிரொலி வலு, துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 2 மி.மீ. துளி ஒன்று தரும் எதிரொலி, 1 மி.மீ. துளிகள் 64 சேர்ந்து தருவதற்குச் சமம். ஆனால் அந்த ஒரு துளியில் உள்ள நீரோ எட்டுத் துளிகளின் நீர்தான். எதிரொலி வலுவை நேரடியாக மழையளவாகக் கொள்ள முடியாததற்கும், சில ஆலங்கட்டிகளே கணக்கைக் குலைத்துவிடுவதற்கும் இதுவே காரணம்.

இந்த மதிப்பு மிகப் பெரிய வீச்சில் மாறுவதால் டிபிஇசட் என்ற மடக்கை அலகில் தரப்படுகிறது. 10 டிபிஇசட் கூடினால் எதிரொலி பத்து மடங்காகிறது. சராசரி எடுக்கும்போது மடக்கை அலகிலேயே எடுப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. 20, 50 ஆகிய இரண்டு டிபிஇசட் மதிப்புகளை அப்படியே கூட்டிப் பாதியாக்கினால் 35 வரும். நேரியல் அலகுக்கு மாற்றிச் சராசரி கண்டு திரும்ப மடக்கைக்குக் கொண்டுவந்தால் 47 வரும். இரண்டாவதே சரி. மென்பொருள் தானாகக் கட்டம் மாற்றும்போதும் இந்தப் பிழை ஒளிந்திருக்கக்கூடும் என்பதால் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

4. கற்றை எந்த உயரத்தில் செல்கிறது என்று கணக்கிடுதல்

தாழ்ந்த கோணத்தில் அனுப்பினாலும், புவியின் வளைவு காரணமாகக் கற்றை தரையை விட்டு விலகிக்கொண்டே போகிறது. வளிமண்டலம் அதைச் சற்றுக் கீழே வளைப்பதையும் சேர்க்க, புவியின் ஆரத்தை நான்கில் மூன்றால் வகுத்து, அதாவது சுமார் 8,495 கி.மீ. என்று கொள்வது வழக்கம். இந்தக் கணக்கில் 0.5° கோணக் கற்றையின் மையம் 100 கி.மீ. தொலைவில் ஏறத்தாழ 1.5 கி.மீ. உயரத்திலும், 200 கி.மீ. தொலைவில் ஏறத்தாழ 4.1 கி.மீ. உயரத்திலும் இருக்கும். 1° அகலமுள்ள கற்றை 100 கி.மீ. தொலைவில் 1.7 கி.மீ.க்கும் மேல் தடித்திருக்கும்.

இந்த உயரங்களை ஒரு அட்டவணையாக எழுதித் திரைக்கு அருகே வைத்துக்கொள்ளச் சொல்வேன். 200 கி.மீ. தொலைவில் நீங்கள் தாழ்வான மழை என்று நினைப்பது உண்மையில் உருகும் பனியாகவோ முகிலின் நடுப்பகுதியாகவோ இருக்கலாம்.

மிக அருகிலும் சிக்கல் உண்டு. ரேடாரின் உச்சக் கோணம் 19.5° என்றால், 12 கி.மீ. உயரமுள்ள புயலின் தலை 34 கி.மீ.க்கு உட்பட்ட தொலைவில் தெரியவே தெரியாது. அந்த வட்டத்துக்குள் வந்த புயல் திடீரென உயரம் குறைந்ததாகத் தோன்றும். அது வலுவிழந்துவிட்டது என்று எச்சரிக்கையைத் திரும்பப் பெறுவது ஆபத்தான தவறு.

5. மழையல்லாத எதிரொலிகளை நீக்குதல்

தரை, மலை, காற்றாலை, பறவை, பூச்சி ஆகியவை தரும் எதிரொலிகளையும், குளிர்ந்த காற்றுப் படலத்தால் கற்றை தரையை நோக்கி வளையும்போது தோன்றும் போலி எதிரொலிகளையும் முதலில் நீக்க வேண்டும். இவற்றை விட்டுவைத்தால், நகராமல் ஒரே இடத்தில் நிற்பதால் மணிக்கணக்கில் சேர்ந்து பெருமழை போலக் காட்டிவிடும்.

ஆனால் இங்கே அவசரப்படுவதால் உண்மையான தகவல் அழிகிறது. இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். தரை எதிரொலியை நீக்கும் வடிகட்டி, ரேடாரை நோக்கியோ விலகியோ நகராத எதையும் தரை என்றே எண்ணுகிறது. கற்றைக்குக் குறுக்காக நகரும் மழையின் ஆரத்திசைக் காற்று வேகமும் பூச்சியத்துக்கு அருகே இருப்பதால், அந்தப் பட்டையில் மழையும் சேர்ந்து குறைந்துவிடும். அடுத்து, ஒட்டுறவுக் கெழு (கிடை அலையின் எதிரொலியும் செங்குத்து அலையின் எதிரொலியும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண்) ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் அது மழையல்ல என்று வெட்டிவிடும் வடிகட்டிகள், பெரிய ஆலங்கட்டி இருக்கும் இடத்தையும் வெட்டிவிடும், ஏனெனில் அங்கேயும் அந்தக் கெழு சரிகிறது. நாம் தேடும் பொருளையே வடிகட்டி எறிந்துவிட்டால் பிறகு தேட எதுவும் மிஞ்சாது. ஆகவே ஆலங்கட்டிக்கான தரவுக்கும் மழைக்கான தரவுக்கும் தனித்தனி வடிகட்டி அமையுங்கள். மூலத் தரவை ஒருபோதும் மேலெழுத வேண்டாம்.

6. வலுவான எதிரொலி எவ்வளவு உயரம் எட்டுகிறது என்று பார்த்தல்

ஆலங்கட்டி வளர வேண்டுமானால், வலுவான மேலெழு காற்று உறைநிலைக்கு மேல் மிகைக்குளிர் நீர்த்துளிகளை (0 °செ.க்குக் கீழும் உறையாத துளிகளை) ஏந்தி நிற்க வேண்டும். அதனால் தாழ்ந்த வருடலில் 60 டிபிஇசட் தெரிவதைவிட, உறைநிலைக்கு வெகு உயரத்தில் 45 டிபிஇசட் நிற்பது வலுவான சான்று. கீழே தெரியும் சிவப்பு, வெறும் பெருந்துளி மழையாகவும் இருக்கலாம்.

செய்ய வேண்டியது எளிது. புயலின் மையத்தில் ஒவ்வொரு கோணமாக மேலே சென்று, 45 டிபிஇசட் எந்த உயரம் வரை நீடிக்கிறது என்று குறியுங்கள். அதிலிருந்து 0 °செ. உயரத்தைக் கழியுங்கள். வால்ட்ஃபோகலும் உடன் ஆய்வாளர்களும் 1979இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த வேறுபாடு 1.4 கி.மீ.யை எட்டினால் ஆலங்கட்டியை எதிர்பார்க்கத் தொடங்கலாம். இதை நிகழ்தகவாக்கும் எளிய சூத்திரம் ஒன்றும் பழக்கத்தில் உண்டு: வேறுபாட்டைக் கி.மீ.யில் எடுத்து 0.133ஆல் பெருக்கி 0.319ஐக் கூட்ட வேண்டும். 45 டிபிஇசட் 8.1 கி.மீ. வரை எட்டி, உறைநிலை 4.6 கி.மீ.யில் இருந்தால் வேறுபாடு 3.5 கி.மீ.; நிகழ்தகவு சுமார் 78 விழுக்காடு.

இரண்டு உயரங்களும் ஒரே அடித்தளத்திலிருந்து அளக்கப்பட்டவையா என்று உறுதிசெய்யுங்கள். ரேடார் மென்பொருள் சில வேளைகளில் ரேடார் நிற்கும் இடத்திலிருந்து உயரம் தரும். பலூன் அளவீடு கடல் மட்டத்திலிருந்து தரும். மலைமேல் நிற்கும் ரேடாரில் இந்த வேறுபாடே முடிவைப் புரட்டிவிடும்.

இந்தச் சோதனை ஆலங்கட்டி உண்டா என்பதற்கு மட்டுமே. அளவு பெரியதா என்பதை அறிய −20 °செ. உயரத்தைப் பாருங்கள். அந்த உயரத்துக்கும் மேலே 60 டிபிஇசட் அளவுக்கு எதிரொலி பல வருடல்களில் தொடர்ந்து நின்றால், பெரிய கட்டிகளை எதிர்பார்த்தே செயல்பட வேண்டும். உறைநிலை மிக உயரத்தில் இருக்கும் வெப்பமான சூழலில் சிறு கட்டிகள் விழும் வழியிலேயே உருகிவிடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

7. புயலின் உருவையும் காற்றையும் படித்தல்

குறுக்குவெட்டுப் படத்தில், கீழே எதிரொலி மெலிந்தும் அதற்கு மேலே வலுவான எதிரொலி கூரை போல நீண்டும் இருந்தால், அந்த மெலிந்த பகுதிதான் மேலெழு காற்று நுழையும் வாயில். காற்று மிக வேகமாக எழுவதால் துளிகள் அங்கே பெரிதாக வளர நேரம் கிடைப்பதில்லை. அந்த மெலிந்த பகுதியைச் சுற்றிலும் வலுவான எதிரொலி சூழ்ந்துகொண்டால், அது கடுமையான ஆலங்கட்டிப் புயலின் அடையாளம்.

புயலின் உச்சியில் ஆரத்திசைக் காற்று இரு பக்கமும் விலகிப் பாய்வதையும் பாருங்கள். விலகும் வேகம் கூடக் கூட, கீழிருந்து எழும் காற்றின் வலுவும் கூடியிருக்கும். இங்கே வேகம் மடங்கித் தெரியும் சிக்கலை மறக்கக் கூடாது. 10 செ.மீ. ரேடார் நொடிக்கு 1,000 துடிப்புகள் அனுப்பினால், நொடிக்கு 25 மீட்டர் வரைதான் வேகத்தைத் தெளிவாக அளக்க முடியும், 5 செ.மீ. ரேடாரில் அது 12.5 மீட்டர்தான். அதற்கு மேற்பட்ட வேகம் எதிர்த்திசை நிறத்தில் தோன்றும். மடங்கிய வேகத்தைச் சுழற்சி என்று தவறாகப் படிப்பவர்கள் பலர்.

8. இரட்டை முனைவாக்கத் தரவைக் கொண்டு உறுதிசெய்தல்

கிடையாகவும் செங்குத்தாகவும் அலைகளை அனுப்பும் ரேடார், விழும் பொருளின் வடிவத்தைப் பற்றியும் சொல்கிறது. பெரிய மழைத்துளி தட்டையாகி விழுவதால், கிடை எதிரொலி செங்குத்து எதிரொலியைவிடக் கூடுதலாகி, இரண்டின் விகிதமான இசட்டிஆர் சில டெசிபெல் அளவில் இருக்கும். ஆலங்கட்டி புரண்டுகொண்டே விழுவதால் சராசரியில் உருண்டை போலவே தெரியும். இசட்டிஆர் பூச்சியத்தை நெருங்கும். ஆகவே எதிரொலி வலு மிக அதிகமாகவும் இசட்டிஆர் பூச்சியத்தை ஒட்டியும் ஒட்டுறவுக் கெழு 0.95க்குக் கீழும் இருக்கும் இடம் ஆலங்கட்டியே என்று பெருமளவு உறுதியாகச் சொல்லலாம்.

இந்த விதி எஸ்-பேண்டுக்கு நன்றாகப் பொருந்தும். சி-பேண்டில் அப்படியே கடைப்பிடிக்காதீர்கள். உருகும் சிறு கட்டிகளும் 5, 6 மி.மீ. அளவுள்ள பெருந்துளிகளும் அந்த அலைநீளத்தில் ஒத்ததிர்வை உண்டாக்குவதால், ஆலங்கட்டியோடு கூடிய மழையிலேயே இசட்டிஆர் மிக உயர்ந்து நிற்கலாம். பூச்சியத்தைத் தேடுபவர் அங்கே ஆலங்கட்டி இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். சி-பேண்டில் ஒட்டுறவுக் கெழுவின் சரிவையும் ஆறாம் படியின் உயரச் சோதனையையும் முதன்மையாகக் கொள்ளுங்கள்.

இசட்டிஆர் 0.2 டெசிபெல் அளவுக்காவது துல்லியமாக இருக்க வேண்டும். லேசான மழையின்போது ரேடாரை நேர் மேலே நோக்கச் செய்தால், கீழிருந்து பார்க்கையில் துளிகள் வட்டமாகத் தெரிவதால் இசட்டிஆர் பூச்சியமாக வர வேண்டும். வராத அளவே அளவுத்திருத்தப் பிழை.

இன்னொரு சான்றும் உண்டு. வலுவான மையத்துக்குப் பின்னால், ரேடாரிலிருந்து விலகும் திசையில், மெல்லிய கூர்முள் போல வலுக்குறைந்த எதிரொலி நீளுவதைக் காணலாம். ஆலங்கட்டியில் பட்ட அலை தரைக்குச் சிதறி, தரையிலிருந்து மீண்டும் கட்டிக்குப் போய், பிறகே ரேடாருக்குத் திரும்புவதால் வரும் தாமதம் இது. முள் தெரிந்தால் பெரிய ஆலங்கட்டி உண்டு என்று நம்பலாம். அது தெரியவில்லை என்பதால் ஆலங்கட்டி இல்லை என்று கொள்ளக் கூடாது. பின்னால் வேறு மழை இருந்தால் அது மறைந்துவிடும். மழைக் கணக்கில் இந்த முள்ளைக் கட்டாயம் நீக்க வேண்டும்.

9. கட்டியின் அளவை மதிப்பிட்டு எச்சரிக்கைக்குக் கொண்டுசெல்லுதல்

பரவலாகப் பயன்படும் முறை, உறைநிலைக்கு மேல் உள்ள 40 டிபிஇசட்டுக்கு மேற்பட்ட எதிரொலியை மட்டும் எடுத்து, 0 °செ. முதல் −20 °செ. வரை படிப்படியாக எடை கூட்டி, உயரத்தின் வழியே தொகுத்து ஒரு குறியீட்டெண் தருகிறது. அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 2.54ஆல் பெருக்கினால் மி.மீ.யில் உச்ச விட்டம் கிடைக்கும். குறியீட்டெண் 100 என்றால் 25 மி.மீ., 400 என்றால் ஏறத்தாழ 51 மி.மீ.

இந்த எண்ணை விழும் கட்டிகளின் சராசரி அளவு என்று எழுதாதீர்கள். பதிவான கட்டிகளில் நான்கில் மூன்று பங்கு இதைவிடச் சிறியனவாக இருக்கும்படி இச்சூத்திரம் 1998இல் அமைக்கப்பட்டது. அமெரிக்காவில் 2010 முதல் 1 அங்குலமும் ஆஸ்திரேலியாவில் 2 செ.மீ.யும் கடுமையான ஆலங்கட்டிக்கான வரம்பாக உள்ளன. உங்கள் சேவையின் வரம்பு எதுவோ அதோடு ஒப்பிடுங்கள்.

உயரத்தில் தெரியும் கட்டி நேர் கீழே விழுவதில்லை. விழச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் புயல் நகரும், காற்றும் தள்ளும். எச்சரிக்கைப் பகுதியை உயரத்திலுள்ள மையத்தின் கீழே வரையாமல், நகரும் திசையில் சில கி.மீ. முன்னோக்கி நீட்டுங்கள்.

10. மழை வீதத்தைக் கணக்கிடுதல்

இப்போதுதான் மழைக்கு வர வேண்டும். மறைப்பு இல்லாத மிகத் தாழ்ந்த கோணத்தை ஒவ்வொரு இடத்துக்கும் தேர்ந்தெடுங்கள். உருகும் படலத்தில் எதிரொலி செயற்கையாகப் பெருகும் ஒளிர்பட்டை, பரவலான மழையில் உறைநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும். கற்றை அதை வெட்டும் தொலைவில் மழை மிகையாகத் தெரியும் என்பதால் அங்கே திருத்தம் தேவை.

எதிரொலிக்கும் மழை வீதத்துக்கும் உள்ள தொடர்பு துளிகளின் பரவலைப் பொறுத்தது. மணிக்கு மி.மீ. அளவிலான மழை வீதத்தை 1.6 அடுக்குக்கு உயர்த்தி 200ஆல் பெருக்கினால் எதிரொலி கிடைக்கும் என்பது மார்ஷல்–பால்மர் தொடர்பு. இது பரவலான, சீரான மழைக்கு ஏற்றது. இடிமழைக்கு 1.4 அடுக்கும் 300 பெருக்கமும், வெப்பமண்டலப் பெருமழைக்கு 1.2 அடுக்கும் 250 பெருக்கமும் வழக்கம். ஒரே 50 டிபிஇசட்டுக்கு இம்மூன்றும் முறையே மணிக்கு 49, 63, 147 மி.மீ. தருகின்றன. ஆகவே எந்தத் தொடர்பைத் தேர்ந்தீர்கள் என்பதை ஒவ்வொரு வரைபடத்திலும் எழுதுங்கள்.

இங்கே ஆலங்கட்டிப் பகுதிக்கு வரம்பு விதிக்க வேண்டும். 60 டிபிஇசட்டை இடிமழைத் தொடர்பில் அப்படியே இட்டால் மணிக்கு 328 மி.மீ. வரும், அதில் பெரும்பகுதி கட்டிகள் தந்த எதிரொலி. 53 டிபிஇசட்டோடு நிறுத்தினால் உச்ச வீதம் மணிக்கு 104 மி.மீ. ஆகிறது. இந்த வரம்பைப் புயல் முழுவதற்கும் கண்மூடி இடுவதைவிட, எட்டாம் படியில் ஆலங்கட்டி என்று குறித்த பகுதிக்கு மட்டும் இடுவது மேல். கட்டியே இல்லாத வெப்பமண்டலப் பெருமழையில் அது உண்மையான மழையை வெட்டிவிடும்.

இரட்டை முனைவாக்கம் இருந்தால் ஆலங்கட்டிப் பகுதியில் எதிரொலி வலுவை விட்டுவிட்டு, கிடை அலைக்கும் செங்குத்து அலைக்கும் இடையே ஒவ்வொரு கி.மீ.யிலும் சேரும் கட்ட வேறுபாடான கேடிபியைப் பயன்படுத்துங்கள். புரளும் கட்டி இரு அலைகளையும் ஒரே அளவு தாமதப்படுத்துவதால் அது கேடிபியில் அதிகம் பங்களிப்பதில்லை. தட்டையான துளிகளே பங்களிக்கின்றன. அளவுத்திருத்தப் பிழையும் பகுதி மறைப்பும்கூட இதைப் பாதிப்பதில்லை. எஸ்-பேண்டில் கேடிபியை 0.822 அடுக்குக்கு உயர்த்தி 44ஆல் பெருக்குவது வழக்கம், கி.மீ.க்கு 2° என்றால் மணிக்கு சுமார் 78 மி.மீ. லேசான மழையில் கேடிபி இரைச்சலாக இருக்கும் என்பதால் அங்கே பழைய தொடர்புக்கே திரும்புங்கள். நீர்ப்படலம் போர்த்திய சிறு கட்டிகள் நிறைந்த இடத்தில் இதுவும் மிகையாகலாம்.

11. நேரத்தில் சேர்த்தலும் மழைமானியோடு ஒப்பிடுதலும்

வீதங்களை நேரத்தால் பெருக்கிக் கூட்டினால் மழையளவு வரும். வருடல்களுக்கு இடையே 10 நிமிடம் இருந்தால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நகரும் புயல் அதற்குள் 10 கி.மீ. தாண்டிவிடும், மையமோ 5 கி.மீ. அகலமே இருக்கலாம். அப்படியே கூட்டினால், இடையிடையே மழையே பெய்யாதது போன்ற பட்டைகள் வரைபடத்தில் விழும். இரு வருடல்களுக்கு இடையே புயலை நகர்த்தி, நிமிடத்துக்கு ஒன்றாக இடைப் படங்களை உருவாக்கிக் கூட்டினால் பட்டைகள் மறையும்.

பிறகு மழைமானிகளின் மொத்தத்தை, அதே இடங்களில் ரேடார் காட்டும் மொத்தத்தால் வகுத்துப் பொதுத் திருத்தக் காரணி காணுங்கள். ரேடாரின் அளவுத்திருத்தத்தில் 1 டெசிபெல் பிழை இருந்தாலே மழை வீதம் 15 முதல் 18 விழுக்காடு மாறும் என்பதால், இந்தப் படியைத் தவிர்க்க முடியாது. ஆலங்கட்டி விழுந்த மழைமானிகளைக் காரணிக் கணக்கிலிருந்து விலக்குங்கள். கட்டிகள் விளிம்பில் பட்டுத் தெறிக்கும், புனலை அடைக்கும், பின்னர் உருகித் தாமதமாகப் பதிவாகும்.

ஒரே ஒரு மழைமானி ஒத்துவரவில்லை என்பதால் ரேடார் தவறு என்று சொல்லிவிடவும் முடியாது. 200 ச.செ.மீ. வாயுள்ள மழைமானியையும் 1 ச.கி.மீ. கட்டத்தையும் ஒப்பிடுகிறோம்; பரப்பில் இரண்டுக்கும் 5 கோடி மடங்கு வேறுபாடு. இடிமழையில் ஒரு கி.மீ.க்குள்ளேயே மழை பாதியாகலாம். பல மழைமானிகளையும் சில மணி நேரத் தொகையையும் சேர்த்தே முடிவெடுங்கள்.

ஆலங்கட்டி விழுந்த இடம், நேரம், மிகப் பெரிய கட்டியின் அளந்த விட்டம் ஆகியவற்றைத் தரையில் இருந்தவர்களிடமிருந்து பெற்று, அந்தந்த வருடலின் பக்கத்தில் எழுதி வையுங்கள். விழாத இடங்களின் பதிவையும் அதே அக்கறையோடு கேட்டுச் சேர்த்துவையுங்கள். 45 டிபிஇசட் உயரத்துக்கான வரம்பை உங்கள் ரேடாருக்கும் பருவத்துக்கும் ஏற்பத் திருத்த, அந்த இல்லை என்ற பதிவுகளும் வேண்டும்.